காய்ச்சல் நீங்கியும் நீங்காத வலி: வட ஆர்க்காட்டுச் சிக்குன்குனியா வரலாறு

முன்னுரை

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இறந்தோரின் தொகையையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வர். பெரியம்மையும் வாந்திபேதியும் பிளேக்கும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றமைக்குக் காரணம், அவை கொண்டுபோன உயிர்களின் எண்ணிக்கையே ஆகும். உயிரைக் கொள்ளாது விட்டு, எழவும் நடக்கவும் ஒட்டாது உடலை முடக்கிப் போடும் நோய்க்கு அந்நூல்களில் இடம் அரிது. அந்நோய் வந்து போன ஊரில் கல்லறைகள் பெருகுவதில்லை. ஆதலின் அது வந்து போனதையே சில ஆண்டுகளில் ஊர் மறந்துவிடுகிறது.

1964 ஆம் ஆண்டில் வேலூரில் பரவிய காய்ச்சல் இத்தகையது. அக்காய்ச்சலைச் சிக்குன்குனியா என்று மருத்துவ உலகம் அறிந்து கொண்டது. வைரஸ் எனப்படும் நச்சுயிரியால் விளையும் அந்நோயில் காய்ச்சல் சில நாட்களில் தணியும். ஆனால் மூட்டு வலியும் அயர்ச்சியும் பலருக்குத் திங்கள் கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக் கணக்கிலும் நின்றுவிடும். இவ்வாறு எஞ்சி நிற்கும் வலியே இந்நோயைப் பிற காய்ச்சல்களினின்றும் பிரித்துக் காட்டும் தலையாய சான்று என்பதும், அச்சான்றையே நம் பதிவேடுகள் கைவிட்டன என்பதும் யாம் இக்கட்டுரையில் நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

நிலமும் தொழிலும்

பாலாற்றின் இருகரையிலும் வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. இவை நெடுங்காலம் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1989 இல் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019 இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பகுக்கப்பட்டபொழுது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தின்பாற் சென்றன. ஆட்சி எல்லைகள் எவ்வாறு மாறினும், தோல் பதனிடும் தொழில் இவ்வூர்களை ஒரு தொடராகவே பிணைத்து வைத்துள்ளது.

பழைய முறையில் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. உப்பிட்ட தோலை நீரில் ஊறவைத்தல், சுண்ணாம்புக் குழியில் இடுதல், மயிரும் சதையும் நீக்குதல், பட்டைச் சாற்றில் ஊறப்போடுதல் என ஒவ்வொரு படியிலும் நீர் தோய்ந்த தோலைத் தூக்கும் தோளும் கத்தியைப் பிடிக்கும் மணிக்கட்டும் வேண்டப்படுவன. 1970களில் பதனிடாத தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் அயல்நாடு செல்வதை அரசு கட்டுப்படுத்தியபின், காலணி தைக்கும் தொழில் இப்பகுதியில் பெருகிற்று. தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். காலணியின் மேற்பகுதியை வீட்டிலேயே அமர்ந்து கையால் தைத்துச் சோடிக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோரும் பெரும்பாலும் பெண்களே. இத்தொழில்கள் யாவும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூட்டுகளின் துணைகொண்டே நடப்பவை என்பதனை ஈண்டு மனத்திற் கொள்ளுதல் வேண்டும், என்னை? சிக்குன்குனியா முதலில் பற்றுவதும் கடைசியாக விடுவதும் அம்மூட்டுகளையே ஆதலின்.

வேலூரில் நிகழ்ந்த ஆராய்ச்சி

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900 இல் தொடங்கிய சிறு மருத்துவமனை, பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1952 இல் இராக்பெல்லர் அறநிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிப் புனேயில் நச்சுயிரி ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவின. 1955 இல் வட ஆர்க்காட்டுக் குழந்தைகளிடையே கண்ட மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக முடிந்தது. இதன்பின் வேலூர், கொசுவாற் பரவும் நச்சுயிரிகளைத் தேடுவோர்க்கு ஒரு தலைமையிடமாயிற்று. புனே நிலையத்தைச் சார்ந்த ஆய்வாளர் வேலூரிலும் தங்கி, நோயாளரின் குருதியையும் ஊர்க் கொசுக்களையும் ஆண்டுதோறும் ஆராய்ந்து வந்தனர்.

1963 இல் கல்கத்தாவில் சிக்குன்குனியா பரவியது. இந்தியாவில் அந்நச்சுயிரி ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யப்பட்ட முதல் பெரும் பரவல் அதுவே. மறு ஆண்டில் அது தென்னாட்டிற்கு இறங்கிச் சென்னை, புதுச்சேரி, வேலூர் ஆகிய நகரங்களையும் ஆந்திரக் கடற்கரை நகரங்களையும் பற்றிற்று. வேலூரில் ஆர். எம். மையர்ஸ், டி. இ. கேரி, ரேச்சல் ரூபன் முதலியோர் நோயாளரின் குருதியினின்றும் கொசுக்களினின்றும் அந்நச்சுயிரியைப் பிரித்தெடுத்து 1965 இல் கட்டுரை வெளியிட்டனர். குழந்தைகளிடம் தோன்றிய குறிகளை எம். ஜாதவும் உடன் பணியாற்றியோரும் அதே ஆண்டில் தனியே ஆராய்ந்து எழுதினர்.

அவ்வாண்டில் வேலூரில் டெங்கு நச்சுயிரியும் உடன் உலவியது. ஒரே நோயாளியின் உடலில் சிக்குன்குனியாவும் டெங்குவும் ஒருங்கே இருந்ததனை மையர்ஸும் கேரியும் 1967 இல் அறிவித்தனர். இரண்டு நோய்களையும் ஈடிசு எகிப்தி என்னும் ஒரே கொசு பரப்புகிறது. இரண்டும் திடீரெனக் கடுங்காய்ச்சலோடு தொடங்குகின்றன. இரண்டிலும் உடல் நோகிறது. தோலில் தடிப்பும் காண்கிறது. படுக்கையருகே நின்று பார்க்கும் மருத்துவர்க்கு முதல் வாரத்தில் இரண்டனுள் வேறுபாடு காண்பது எளிதன்று. இவ்விரட்டை நோய்களின் நடுவே பணிசெய்த பட்டறிவே கேரியை ஒரு வரலாற்று வினாவிற்கு இட்டுச் சென்றது.

பழைய ஏடுகளின் மறுவாசிப்பு

1971 இல் கேரி, டெங்குவும் சிக்குன்குனியாவும் வரலாற்றில் ஒன்றற்கொன்று மாறாட்டமாக எழுதப்பட்டனவோ என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். 1779 இல் பத்தேவியாவில் டேவிட் பைலன் என்னும் மருத்துவர் கண்டெழுதிய காய்ச்சலை அங்குள்ள டச்சுக்காரர் விரல்முட்டிக் காய்ச்சல் என்று வழங்கினர். 1823 இல் சான்சிபாரில் ஒரு காய்ச்சல் பரவியது. 1824 இல் கல்கத்தாவில் அதனையொத்த காய்ச்சல் கண்டது. 1827-28 இல் மேற்கிந்தியத் தீவுகளில் அத்தகையதொன்று பரவியபொழுதே டெங்கு என்னும் பெயர் ஊன்றிற்று. 1870 இல் சான்சிபாரில் அது மீண்டும் தோன்ற, 1871-72 இல் இந்திய நகரங்களும் அதற்கு ஆளாயின.

இவையனைத்தும் டெங்குவின் வரலாறாகவே நூல்களில் வைத்து எண்ணப்பட்டு வந்தன. ஆயின் அக்கால மருத்துவர்கள் எழுதி வைத்த குறிப்புகளில், காய்ச்சல் தணிந்தபின்னும் மூட்டுகள் வீங்கியும் விறைத்தும் நெடுநாள் நின்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. டெங்குவில் தசையும் எலும்பும் கடுமையாக நொந்தாலும், மூட்டு வீக்கம் இவ்வாறு நெடிது நிற்பதில்லை. ஆதலின் அப்பரவல்களுட் பல சிக்குன்குனியாவாகவே இருந்திருத்தல் கூடும் என்று கேரி முடிவு செய்தார். பின்வந்த ஆய்வாளருள் இதனை ஏற்றோரும் உளர். தனித்தனி நிகழ்ச்சிகளில் ஐயம் எழுப்பினோரும் உளர். குருதிச் சான்று இல்லாத காலத்து நோயை எழுத்துச் சான்று கொண்டு மட்டும் முற்ற உறுதிசெய்தல் அரிது என்பது உண்மையே.

எனினும் முறையியல் நோக்கில் இக்கட்டுரை நமக்குக் கற்பிப்பது பெரிது. ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுதிய மருத்துவன், தன் நோயாளி நலமுற்று வீடு சென்றான் என்று மட்டும் எழுதி ஏட்டை மூடியிருப்பின், பிற்காலத்தார்க்கு இந்நோயை இனங்காணும் வழியே இருந்திராது. காய்ச்சலுக்குப் பிந்திய நாட்களைப் பற்றி அவன் போகிறபோக்கில் எழுதிய ஓரிரு வரிகளே இன்று சான்றாகின்றன.

பெயர் ஆராய்ச்சி

சிக்குன்குனியா என்னும் சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழிக்குரியது. தங்கனீக்காவின் தென்பகுதியில் மக்கொண்டே மேட்டுநிலத்தில் 1952-53 இல் பரவிய இந்நோயை மரியன் இராபின்சனும் லம்ஸ்டனும் 1955 இல் விளக்கினர். வளைந்து முறுக்கிக்கொள்ளுதல் என்னும் பொருள்பட அம்மக்கள் இட்ட பெயரே மருத்துவப் பெயராகவும் நிலைத்தது. காய்ச்சலின் வெம்மையைக் குறியாது, அது உடலுக்கு இழைத்த கோலத்தைக் குறித்து அவர்கள் பெயரிட்டமை நோக்கத்தக்கது.

இச்சொல் தமிழ்நாட்டில் 2006 இல் மக்கள் வாயில் வழங்கத் தொடங்கியபொழுது, சிக்கன்குனியா எனத் திரிந்து, கோழியிறைச்சியால் வருவதோ என்ற மயக்கத்தையும் உண்டாக்கிற்று. தமிழ்ச் செவிக்கு இதன் பிற்பகுதி குனிதல் என்னும் வினையை நினைவூட்டுகிறது. பொருளும் ஏறத்தாழப் பொருந்துவதால் இரண்டையும் உறவுபடுத்த ஒருவர்க்கு ஆசை எழலாம். ஆயின் இஃது ஒலி ஒப்புமையேயன்றிப் பிறிதன்று. மேலும் நம் இலக்கணப்படி குனியா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாய்க் குனியாத என்றே பொருள்படும். குனிந்தே நடப்பதும் குனிய இயலாமையும் ஆகிய இரண்டும் இந்நோயாளரிடம் காணத்தக்கனவே ஆதலின், தற்செயலாய் அமைந்த இச்சொல் இருவகையாலும் பொருந்தி நிற்கிறது என்று கூறி அமைவோம்.

தமிழில் இந்நிலையைக் குறிக்கச் சொற்பஞ்சம் இல்லை. குடைச்சல், உளைச்சல், கடுப்பு, பிடிப்பு, அசதி, அயர்ச்சி, ஓய்ச்சல் என வலியின் வகைகளையும் சோர்வின் வகைகளையும் நம் மக்கள் வேறுபடுத்தி வழங்குவர். உளைச்சல் என்பது இன்று மனத்தோடு சேர்த்தே மிகுதியும் வழங்கினும், கை கால் உளைச்சல் என்னும் வழக்கு இன்னும் மறையவில்லை. மருந்து முடிந்தபின்னும் தொடர்ந்து காக்க வேண்டிய உணவு நெறிக்கு மறுபத்தியம் என்ற தனிச்சொல்லையே தமிழ் மருத்துவம் வைத்துள்ளது. நோய் நீங்கிய நாளும் நலம்பெற்ற நாளும் ஒன்றல்ல என்னும் அறிவு அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. ஆயினும் இல்லங்களில், காய்ச்சல் விட்டபின் தலைக்கு நீர் வார்த்துவிட்டால் நோய் முடிந்தது என்பதே வழக்கம். நீர் வார்த்த மறுநாள் ஒருத்தி, விரல் மடங்கவில்லை, அடுப்பில் இருந்து பானையை இறக்க இயலவில்லை என்று சொல்வாளாயின், அதனைச் சோம்பல் என்று கொள்வாரும் உளராவர்.

உடலில் நிகழ்வது

இவ்வலி எதனால் நிற்கிறது என்பதனைப் பற்றி மருத்துவ நூலார் கூறுவதைச் சுருக்கிக் காண்போம். நச்சுயிரி குருதியில் சில நாட்களே உலவும். அதனை எதிர்க்க உடல் அனுப்பும் காவல் அணுக்கள் மூட்டுச் சவ்வில் திரள்கின்றன. அவை சுரக்கும் பொருள்களால் சவ்வு வீங்கிச் சிவந்து வெம்மையுறுகிறது. இதனை அழற்சி என்பர். பகை ஒழிந்தபின் படை கலைதல் வேண்டும். சிலரிடம் அது கலைவதில்லை.

கலையாமைக்குக் காரணம் யாது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. 2005-06 இல் இரியூனியன் தீவில் பெருங்கூட்டத்தினரை இந்நோய் பற்றியபின் நிகழ்ந்த ஓர் ஆய்வில், நோயுற்றுப் பதினெட்டுத் திங்கள் கழிந்த ஒருவரின் மூட்டுச் சவ்வில் நச்சுயிரியின் எச்சம் காணப்பட்டது. கொலம்பியாவில் 38 நோயாளரின் மூட்டு நீரைத் தேடிப் பார்த்து 2018 இல் வெளியிட்ட ஆய்விலோ அத்தகைய எச்சம் ஒன்றும் கிட்டவில்லை. எச்சமே அழற்சியை வளர்க்கிறதா, எச்சம் ஒழிந்தபின்னும் அழற்சி தானே தொடர்கிறதா என்பது இன்னும் முடிவுறாத வழக்கு. வலியோடு அயர்ச்சியும் உறக்கக் கேடும் சேர்ந்து வருவதனை இரியூனியனில் ஆராய்ந்தோர் பதிவு செய்துள்ளனர். வலி கற்பனையன்று என்பதில் மட்டும் இரு சாராரும் உடன்படுவர்.

மறைவும் மீட்சியும்

1964 இற்குப் பின் இந்நோய் சில ஆண்டுகளில் ஒடுங்கிற்று. 1973 இல் மகாராட்டிரத்தின் பார்சியில் தோன்றியதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் பெரும்பரவல் ஒன்றும் அறியப்படவில்லை. ஒருமுறை நோயுற்றார்க்கு மீண்டும் வாராத காப்பு உண்டாவதால், பற்றுதற்குரிய உடல்கள் குறைந்தமை இவ்வொடுக்கத்திற்கு ஒரு காரணம் எனலாம். 2005 இன் இறுதியில் அது ஆந்திரம், கருநாடகம், மகாராட்டிரம் ஆகியவற்றில் மீண்டும் தலைகாட்டி, 2006 இல் தமிழ்நாட்டையும் வந்தடைந்தது. அவ்வாண்டில் நாடு முழுதும் ஏறத்தாழ 13.9 இலட்சம் பேர் இந்நோயுற்றதாக ஐயுறப்பட்டனர். 1960களில் வந்தது ஆசிய வகை. இம்முறை வந்தது ஆப்பிரிக்காவினின்றும் புறப்பட்ட வேறு வகை. 2017 இல் நாடளாவ நடந்த குருதியாய்வில், தென் மாநிலத்தாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேரிடம் இந்நோய் பற்றிய தடம் காணப்பட்டது.

மருத்துவமனைக் கணக்கில் ஏறியோரினும் ஏறாதோர் மிகப் பலர் என்பது இதனால் பெறப்படும். ஐந்து நாள் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி வீட்டிலேயே படுத்திருந்தோர் எந்தப் பதிவேட்டிலும் இலர்.

தோல் ஊர்களில் இந்நோய் வேர்கொள்ளத் துணைசெய்வது நீர்நிலைமை என்பது எமது கருத்து. ஈடிசுக் கொசு சாக்கடையை நாடுவதன்று. வீட்டில் தேக்கி வைத்த தெளிந்த நீரிலேயே முட்டையிடும். பாலாறோ ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கிறது. தோல் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீரும் கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுதுமோ ஒரு பகுதியோ பாழ்பட்டதனைக் குறிப்பிடுகிறது. கிணற்று நீர் வாய்க்கு உதவாத ஊரில், குழாயில் என்றோ வரும் நீரைக் குடத்திலும் தொட்டியிலும் பல நாளைக்குச் சேமித்து வைத்தல் தவிர்க்க இயலாதது. அச்சேமிப்பே கொசுவிற்குத் தொட்டிலாகிறது. வேலூரில் கொசுக்களை ஆராய்ந்தோர் 1960களிலேயே வீட்டு நீர்க்கலங்களை நோக்கிச் சென்றதன் காரணமும் இதுவே.

பதிவேடும் உழைப்பும்

1948 இல் இயற்றப்பெற்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் வழிவந்த திட்டத்தில், நோயுற்ற தொழிலாளி ஆண்டிற்கு 91 நாள்வரை ஊதியத்தில் நூற்றுக்கு எழுபது பெறுதல் கூடும். இஃது அரிய பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின் அதற்கு மருத்துவர் அளிக்கும் சான்று வேண்டும். காய்ச்சலை வெப்பமானி காட்டும். விரலில் நிற்கும் வலியைக் காட்டும் கருவி இல்லை. காலையில் எழுந்தவுடன் மடங்காத விரல் நண்பகலில் ஓரளவு மடங்குமாதலின், மருத்துவர்முன் செல்லும் வேளையில் நோயாளியின் சொல் ஒன்றே சான்றாக எஞ்சுகிறது. வீட்டிலிருந்து சோடிக் கணக்கில் தைக்கும் பெண்ணுக்கோ வருகைப் பதிவேடே இல்லை. பத்துச் சோடி தைத்த கை நான்கு சோடி தைத்தால், அவளுடைய நோய் கூலிக் குறைவாக மட்டும் கணக்கில் ஏறும். நோய் என்று எங்கும் ஏறாது.

நோயாளியின் சொல்லை ஐயுறுதல் நம் நாட்டிற்கே உரியதன்று. 1955 இல் இலண்டன் இராயல் பிரீ மருத்துவமனையில் பணியாளரிடையே ஒரு நோய் பரவிற்று. உற்றோருள் சிலர் நெடுங்காலம் தளர்ந்து கிடந்தனர். 1970 இல் மக்கிவிடி, பியர்டு என்னும் இரு மருத்துவர், நோயாளரை நேரிற் காணாது பழைய குறிப்புகளை மட்டும் படித்து, அது மனக் கலக்கத்தால் விளைந்த கூட்டு மயக்கம் என எழுதினர். நோயாளருள் பெரும்பாலோர் பெண்டிராய் இருந்தமையையும் அதற்குக் காரணங் காட்டினர். நோயாளர் சொல்லைக் கேட்டு வைக்காத பதிவு எவ்வாறு அவர்க்கே எதிர்ச்சான்றாகத் திரும்பும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. 2020 இல் உலகைப் பற்றிய கொரோனாத் தொற்றின்பின் எண்ணற்றோர் இதே அயர்ச்சியைக் கூறினர். 2021 அக்டோபரில் உலக நலவாழ்வு நிறுவனம் அத்தொற்றிற்குப் பிந்திய நிலைக்கு இலக்கணம் வகுத்தது. நோயுற்றோர் தாமே கூடிப் பேசியதால் அவ்விலக்கணம் விரைவில் அமைந்தது. 1964 இல் வேலூரிலும் ஆம்பூரிலும் வலியோடு வேலைக்குச் சென்றோர்க்கு அவ்வாய்ப்பு இருந்ததில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வேலூரில் 1964 இல் நிகழ்ந்த ஆராய்ச்சி, நச்சுயிரியையும் அதனைச் சுமந்த கொசுவையும் ஐயமறக் காட்டியது. அங்குப் பெற்ற அறிவு, இருநூறு ஆண்டுப் பழைய ஏடுகளைத் திருத்திப் படிக்கவும் உதவியது. அத்திருத்தத்திற்கு அடிப்படையானது நோயாளர் காய்ச்சலுக்குப்பின் பட்ட வலியே. அவ்வாறிருக்க, அவ்வலியைக் குறித்து வைக்கும் ஏடு நம் தோல் ஊர்களில் இல்லாமை பெருங்குறையாகும்.

இக்குறையை ஓரளவேனும் நீக்கக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. 1964 இல் இருபது வயதினராய் இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துள்ளனர். 2006 இல் நோயுற்றோர் பெரும்பாலும் நம்மிடையே உள்ளனர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வாழும் முதியோரை அணுகி, எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்பதோடு அமையாது, எத்தனை நாளில் மீண்டும் தோலைத் தூக்கினீர்கள், எப்பொழுது ஊசி பிடித்தீர்கள் என்றும் கேட்டல் வேண்டும். அவர்கள் கூறும் சொற்களை, குடைச்சல் என்றால் குடைச்சல் என்றும் ஓய்ச்சல் என்றால் ஓய்ச்சல் என்றும், அவர்கள் வாய்மொழியாகவே எழுதி வைத்தல் வேண்டும். மருத்துவரும் தமிழாய்வாளரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. பத்தேவியாவின் மருத்துவன் எழுதிய சில வரிகள் பிற்காலத்தார்க்குப் பயன்பட்டமை போல, இவ்வேடும் பயன்படும். அதற்கு முன்னரே, கை மடங்காத ஒருத்தி தன் வலி மெய் என்று காட்டுதற்கும் அது சான்றாய் நிற்கும்.